உடனுறை கல்வி: பள்ளி முதல் பல்கலைக்கழக விடுதி வரை

மாணாக்கர் தங்கும் விடுதியைக் கல்விக்குப் புறத்தே நிற்கும் ஒரு துணைக் கட்டடமாகக் கருதுவதே இற்றைநாள் வழக்கம். வகுப்பறையில் நிகழ்வது கல்வி, விடுதியில் நிகழ்வது உணவும் உறக்கமும் என இரண்டையும் பிரித்து வைத்துள்ளோம். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, இப்பிரிவினை பொருந்தாது எனக் கண்டு, ஒரு பொருளில் ஈடுபாடுடைய மாணாக்கரை ஒரே விடுதியிலோ ஒரே தளத்திலோ ஒருங்கு தங்கச் செய்கின்றன. அப்பொருள் பற்றிய பாடம் ஒன்றினை அவர்க்குப் பொதுவாக வைக்கின்றன. சிலவிடங்களில் ஆசிரியரையும் உடன் உறையச் செய்கின்றன. சுற்றுச்சூழல், இசை, அயல்மொழி, பொறியியல் எனப் பொருள்கள் பலவாம். இம்முறையினை ஈண்டு 'உடனுறை கல்வி' என யாம் வழங்குவோம். இது தமிழகத்திற்குப் புதிதன்று. இதன் இடர்ப்பாடும் புதிதன்று. யாரொடு உறைவது, யாரொடு உண்பது என்னும் வினாவே நம் நாட்டில் இம்முறையின் ஆக்கத்தையும் அழிவையும் உறுதி செய்துள்ளது என்பதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நன்னூலாரை நோக்குவோம். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் கல்வியினைக் கூறுபடுத்துக் கணக்கிடுகின்றார். ஆசிரியன் உரைத்ததனை எத்துணை நன்றாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே; உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு; பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறு. இக்கணக்கின்படி வகுப்பறையின் பங்கு கால். முக்கால் பங்கு வகுப்பறைக்கு வெளியே, மாணாக்கர் தம்முள் கூடியிருக்கும் இடத்தே நிகழ்வது. மேலைநாட்டார் விடுதிக்குள் பாடத்தைக் கொண்டுசென்றமைக்குக் கூறும் காரணமும் ஏறக்குறைய இதுவே. நன்னூலாரை மனப்பாடம் செய்வித்த நாம் இச்சூத்திரங்களைத் தேர்வு வினாவாக மட்டுமே கண்டோம்.

'பள்ளி' என்னும் சொல்லே உறைவிடத்தைக் குறிப்பது. துயிலும் இடம், துறவோர் உறையும் இடம், கற்கும் இடம் என மூன்று பொருளும் அதற்கு உண்டு. சமணரும் பௌத்தரும் தங்கிய இடங்களில் கல்வி நிகழ்ந்தமையின், உறைவிடத்தின் பெயர் கல்விக்கூடத்தின் பெயராயிற்று. எம் மேல்பட்டாம்பாக்கத்திற்குக் கிழக்கே, கடலூரின் பகுதியாக இன்றுள்ள திருப்பாதிரிப்புலியூரில் பாடலிபுத்திரம் என்னும் சமணப் பள்ளி இருந்தது. சக ஆண்டு 380இல், அஃதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்பார் 'லோகவிபாகம்' என்னும் பிராகிருத நூலினை முடித்த இடம் இதுவே என்பர். தருமசேனர் என்னும் பெயரொடு திருநாவுக்கரசர் வாழ்ந்த பள்ளியும் இதுவே எனப் பெரியபுராணம் கொண்டு அறிகின்றோம்.

பின்னர் எழுந்த வைதிகக் கல்லூரிகள் பற்றிக் கல்வெட்டும் செப்பேடும் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. பெண்ணையாற்றின் வடபால் உள்ள வாகூரில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு வித்தியாத்தானம் இருந்தது. நிருபதுங்கவர்மன் காலத்து வாகூர்ச் செப்பேடு அதற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைக் கூறும். அதற்கு வடமேற்கே திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டளவில் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் இருந்தனர். இவர்கட்கு ஊர்ச்சபையின் வாரியப் பணிகளினின்று விலக்கும் அளிக்கப்பட்டது. படிக்கும் பிள்ளையை ஊர் வேலைக்கு இழுக்கலாகாது என்று ஊரே முடிவு செய்தது போலும்.

இவற்றுள் மிக்க செய்தி தருவது எண்ணாயிரம். விழுப்புரம் மாவட்டத்து இவ்வூர், முதலாம் இராசேந்திரன் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. ஈண்டுப் பயின்ற 340 பேரில் 270 பேர் இளையோர். 70 பேர் மேற்கல்வி கற்போர். இளையோருள் இருக்கு வேதத்திற்கு 75 பேர், யசுர் வேதத்திற்கு 75 பேர், ரூபாவதாரம் என்னும் இலக்கணத்திற்கு 40 பேர் எனவும், மூத்தோருள் வியாகரணத்திற்கு 25, பிரபாகர மீமாஞ்சைக்கு 35, வேதாந்தத்திற்கு 10 எனவும் தொகை வகுக்கப்பட்டிருந்தது. பாடந்தோறும் இத்துணையர் என வரையறுத்து, அவ்வரையறைப்படி உணவும் அளந்தனர். இளையோர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தோர்க்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அஃதாவது பத்து நாழி. இதற்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. பாடப்பொருளையும் உறைவிடத்தையும் உணவையும் ஒரே ஆவணத்தில் பிணைத்த இவ்வமைப்பினை, இன்றைய உடனுறை விடுதிக்கு முன்னோடி என்பதில் மிகையில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் நுணுகிச் செல்கின்றது. மாணாக்கர்க்குப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை முழுக்கிற்கு எண்ணெய் என அது கணக்கிடும். அவ்விடத்தே 15 படுக்கை கொண்ட மருத்துவச்சாலையும் இருந்தது. விடுதி மாணாக்கனுக்கு எண்ணெய்க் குளியல் வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்த ஆட்சியாளரை நாம் வியவாதிருத்தல் இயலாது.

ஆயினும் வியப்போடு நின்றுவிடுதல் ஆராய்ச்சியன்று. இந்நான்கு வைதிக நிலையங்களும் பார்ப்பனச் சிறுவர்க்கே உரியன. நெல்லை விளைவித்த குடிகளின் மக்கள் அப்பாயில் அமர்ந்திலர். பொருள் ஒன்றினைக் கூடிக் கற்றல் என்பதும் பிறப்பால் ஒன்றுபட்டோர் கூடியிருத்தல் என்பதும் அங்கு வேறுபடவில்லை. அவ்வேறுபாடு தோன்றிய காலை எழுந்த பூசலே இக்காலத்து உடனுறை கல்வியின் வரலாறாகும்.

எம் ஊரிலேயே அதன் சுவடு உண்டு. கிறித்தவச் சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடம் கொடுப்பதா என்னும் வழக்கில் லைப்சிக் சங்கத்தினின்று பிரிந்த காரல் ஓக்சு என்பார், மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நிலையம் அமைத்தார். 1860களில் அது தேனிசு மிசனொடு இணைந்தது. உடனுண்ணல் என்பது அவ்வழக்கின் நடுவே நின்ற வினாக்களுள் ஒன்று.

இதனினும் பெரிய அதிர்ச்சி தெற்கே நிகழ்ந்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிச் சேரன்மாதேவியில் நிலைபெறுத்திய தமிழ்க் குருகுலம், தமிழ்வழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று என்னும் நோக்கங்களைக் கொண்டது. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கு வாழ்ந்தனர். இக்காலத்து உடனுறை விடுதிகளுள் எதனினும் அதன் நோக்கம் சிறிதன்று. பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிட்டமை வெளிப்பட்டபோது, பி. வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் வன்மையாக எதிர்த்தனர். காந்தியடிகள்வரை வழக்குச் சென்றது. 1925 சூன் திங்களில் ஐயர் பாபநாசம் அருவியில் உயிர் நீத்தார். குருகுலம் பழைய பொலிவினைப் பின்னர்ப் பெறவில்லை. பாடத்திட்டத்தின் குறையால் அது வீழ்ந்ததன்று, பந்தியில் வீழ்ந்தது.

பின்வந்த நிறுவனங்களைச் சுருங்கக் காண்போம். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே வகுக்கப்பட்டது. தமிழும் இசையும் அங்கு ஒரே வளாகத்தில் பயிலப்பட்டன. 1931இல் தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலானந்த அடிகள் பின்னாளில் (1947) 'யாழ்நூல்' வெளியிட்டமையும், 1941இல் தமிழிசை மாநாடு அங்கே கூடியமையும் இவ்வண்மையொடு தொடர்பற்றன ஆகா என்பது எம் கருத்து. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது சேலையூர், தூய தாமசு, பிசப் ஈபர் என்னும் மூன்று மாணவர் இல்லங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனக்கெனப் பெயரும் மரபும் கொண்டது. இலங்கையில் 1952இல் கொழும்பினின்று பேராதனைக்குப் பெயர்ந்த பல்கலைக்கழகத்தில் அருணாசலம், இராமநாதன், சயதிலக என விடுதிகள் தமிழர், சிங்களவர் இருவர் பெயராலும் அமைந்தன. 1960ஐ ஒட்டிக் கலைத்துறையில் பயிற்றுமொழி இரண்டாகப் பிரிந்த பின்னர், இருமொழி மாணாக்கரும் நாள்தோறும் முகம் பார்க்கும் இடங்களுள் விடுதியே முதன்மையாய் எஞ்சியது எனலாம்.

அமெரிக்க விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் மெய்க்கில்யான் 1927 முதல் 1932 வரை நடத்திய சோதனைக் கல்லூரி, பொருள்வழி உடனுறை கல்விக்குத் தாய் எனப்படுவது. மாணாக்கர் ஒரே விடுதியில் தங்கி, முதலாண்டில் பண்டை ஏதென்சு நாகரிகத்தையும் இரண்டாமாண்டில் அமெரிக்க வாழ்வினையும் கற்றனர். ஆசிரியர்க்கும் அங்கேயே அறைகள் இருந்தன. சேர்வோர் தொகை குறைந்தமை அது மூடப்பட்டதற்கு ஒரு காரணம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2011 முதல் உறைவிடக் கல்லூரிகளை இம்முறையில் நடத்துகின்றது.

இனி நம் நிலை. தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர் நலத்துறைகளின் வழியே விடுதிகளை நடத்திவருகின்றது. ஒரு குடும்பத்தின் முதற் பட்டதாரியை உருவாக்கிய இவ்விடுதிகளை எளிதிற் குறைகூறுதல் தகாது. 2025 சூலையில் இவையனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' எனப் பெயர் பெற்றன. பெயர் பொதுவாயிற்று, கூரையும் பொதுவாதல் அடுத்த படி. பல்கலைக்கழக விடுதிகளில் பொருள்வழித் தளங்கள் அமைப்போர் இதனை மறத்தலாகாது. பொருள் என்பது எவனும் கற்று உள்ளே நுழையத்தக்கதாய் இருத்தல் வேண்டும். உணவு முறையையோ குடிப்பிறப்பையோ 'பொருள்' என்று பெயரிட்டு ஒரு தளத்தை ஒதுக்குதல், எண்ணாயிரத்தின் நெல்லளவை ஒழித்து அதன் வேலியை மட்டும் காத்தல் போல்வது.

எம் வட்டாரத்திற்கேற்ற பொருள் ஒன்றினைச் சான்றாகக் கூறுவோம். அது நீர். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிறுவனத்தின் சுரங்கங்களில், பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தொடு நிற்கும் ஊற்றுநீரை இடையறாது இறைத்தாலன்றிச் சுரங்கத் தளம் நில்லாது. அதனைச் சூழ்ந்த வயல்களோ கிணற்றுநீரை நம்பியவை. நிலவியல், வேளாண்மை, சட்டம், பொருளியல் பயில்வோரையும், ஏரி, மதகு, குமிழி பற்றிய கல்வெட்டுச் சொற்களை ஆராயும் தமிழ் மாணாக்கரையும் ஒரு தளத்தில் இருபது பேராகத் தங்கச் செய்து, நீர் பற்றிய ஒரு பாடத்தை மதிப்பெண்ணொடு வைத்தால், ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தே தீர வேண்டிய நிலை தானே உண்டாகும். நன்னூலார் கூறிய அரைக்கூறு அதுவே.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. ஆசிரியர் ஒருவர் உடன் உறைதலே அரிது. விடுதிக் காப்பாளர் பொறுப்பினை வகுப்புநேரம் குறைக்காது ஒரு விரிவுரையாளர்மேல் கூடுதலாகச் சுமத்துதல் நம் கல்லூரிகள் பலவற்றின் வழக்கம். அவர் கையொப்பமிட்டு வீடு திரும்புவார். காப்பாளர்க்கு வகுப்புநேரத்தில் பாதியைக் குறைத்து, இரண்டு அறையும் ஒரு சிறு நூலகமும் கொண்ட இல்லத்தினைப் புதிய விடுதியின் வரைபடத்திலேயே சேர்த்தல் வேண்டும். உணவுக்கூடத்தை அடுத்து அதனை அமைத்தல் நன்று; அவரும் அப்பந்தியிலேயே உண்பார்.