ஓசை விளையாட்டும் பாலர் கல்வியும்

விசயதசமியன்று ஏடு தொடக்கும் பிள்ளை, எழுத்தைக் கண்ணாற் காணுமுன்னரே அதன் ஓசையைச் செவியால் அறிந்திருக்கின்றது. தாலாட்டும் நிலாப் பாட்டும் அதற்கு முதற் பள்ளிகள். ஆதலின், செவியிலே தொடங்கிக் கண்ணுக்குச் செல்லுதலே பாலர் கல்விக்கு இயற்கையான நெறியாகும்.

முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாமெழுத்து ஒன்றி வருவது எதுகை. தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறிய இத்தொடைகளைப் பாலர்க்கு இலக்கணமாகப் புகட்டல் வேண்டா, விளையாட்டாக ஊட்டலாம். 'பட்டம், வட்டம், மரம், சட்டம்' என்று சொல்லி, 'இவற்றுட் சேராதது எது?' என வினவுக. பழகிய பிள்ளை 'மரம்' என்று கைகொட்டும். 'மாடு' என நாம் எறிந்தால், 'வீடு', 'காடு', 'ஓடு' எனத் திருப்பி எறியும். இடையே பொருளற்ற சொல்லொன்று வரினும் கடிதலாகாது. ஓசை பொருந்துமாயின், செவி கூர்மையடைகின்றது என்பதற்கு அதுவே சான்று.

இது வெறும் பொழுதுபோக்கன்று. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பிராட்லி, பிரையன்ற் என்னும் இருவர், ஆங்கிலச் சிறாரை ஆராய்ந்து 1983 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். சேராத சொல்லைப் பிரித்தறியும் திறனை நான்கைந்து வயதில் அளந்து, பின்னர் அவர்களது வாசிப்பை நோக்கினர். ஓசையை நன்கு பகுத்தறிந்த பிள்ளைகள் வாசிப்பிலும் மேம்பட்டிருந்தனர். ஓசைப் பயிற்சியோடு எழுத்துருக்களையும் கையாண்டோரே பெரிதும் முன்னேறினர். செவியும் கண்ணும் ஒன்றற்கொன்று துணை என்பது இதனாற் புலனாகும்.

ஓசையின்பத்தை அறிவு வேட்கையாக மாற்றுவது நொடி. தொல்காப்பியர் இதனைப் 'பிசி' என்பர். 'வாலுண்டு, விலங்கன்று, நூலுண்டு, ஆடையன்று, அஃது என்ன?' என்று வினவுவோமாக. எதுகை பிள்ளையின் செவியைப் பிடிக்கும். வினா அதன் சிந்தையைப் பிடிக்கும். 'பட்டம்' என விடை வந்ததும் விளையாட்டை நிறுத்தலாகாது. 'பட்டத்துக்கு வால் எதற்கு?' என்று மேலும் கேட்க வேண்டும். விடையை நாம் சொல்லாது, தைமாதக் காற்றிலே வாலுள்ள பட்டத்தையும் வாலை அவிழ்த்த பட்டத்தையும் ஏற்றிப் பார்க்கச் செய்க. ஒன்று நிலைத்து நிற்க, மற்றது ஆடிச் சுழல்வதைக் கண்ட பிள்ளை, காரணத்தைத் தானே தேடத் தொடங்கும். அதுவே விஞ்ஞானக் கல்வியின் முதற்படி.

இன்றோ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி, அரிவரிப் பருவத்திலேயே வினாத்தாள்களைப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கின்றோம். விடையை மாத்திரம் மனனஞ் செய்த பிள்ளை வினாவுதலை மறந்துவிடுகின்றது. பதினொரு வயதிலே 'ஏன்?' என்று கேளாதவனை மேல்வகுப்பிலே கேட்கச் செய்தல் ஆசிரியர்க்கு அரிதினும் அரிது.

தந்தையராயும் பாட்டன்மாராயும் விளங்கும் பழைய மாணவர்காள்! கல்லூரிக்குக் கட்டடம் எழுப்பித் தரும் உங்கள் கைகள், மாலைதோறும் கால்மணி நேரம் வீட்டு முற்றத்திலே ஒரு பாலனுக்காக ஓய்ந்திருக்கட்டும். ஒரு சொல் எறியுங்கள். ஒரு நொடி போடுங்கள். விடைக்கு அவசரப்படாது காத்திருங்கள். அவ்வாறு வளர்ந்த பிள்ளையே நாளை நம் கல்லூரிக்கு அணியாவான்.