பேட்டைகள் பேசும் பட்டணம்

பேளுக்குறிச்சியில் நின்று நிமிர்ந்து நோக்கினால் கொல்லிமலை ஒரே மலையாகத்தான் தோன்றும். முகில் தவழும் நீண்ட முகடு ஒன்றே கண்ணுக்குப் புலனாகும். ஆனால், மேலே ஏறிச் சென்றவர் அறிவர். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று அம்மலை பல நாடுகளாகப் பகுந்து கிடக்கிறது. ஒவ்வொரு நாட்டிற்கும் தனித்தனி ஊர்களும் வயல்களும் உண்டு. தொலைவிலிருந்து ஒன்றாகத் தோன்றியது அருகே சென்றதும் பலவாக விரிகிறது.

பெருநகரங்களும் இத்தகையனவே. மேற்படிப்பிற்காகவோ வேலைக்காகவோ முதன்முதல் சென்னைக்குச் செல்லும் இளைஞர், இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்டு மலைப்பது ஒரே இரைச்சலும் ஒரே கூட்டமும்தான். அந்த மலைப்பு நீங்க வழி ஒன்று உண்டு. நகரத்தை ஒரே பொருளாகக் காணாமல், பல பேட்டைகளின் தொகுதியாகக் காணவேண்டும். ஒவ்வொரு பேட்டையும் ஒரு காரணத்தால் பிறந்தது. அக்காரணத்தைப் பெரும்பாலும் அதன் பெயரே சொல்லிவிடும்.

நகரத்தை இவ்வாறு நடந்து காண்பது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றி வருகிறான். மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, தானியம் விற்கும் வீதி என ஒவ்வொன்றையும் அவன் காண்கிறான். தொழிலால் தெருவை அறிவதும், தெருக்களால் நகரை அறிவதும் இளங்கோவடிகள் காட்டிய நெறியாகும்.

அந்த நெறியைச் சென்னையில் கையாண்டு பார்ப்போம். 1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கரையோரம் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தலைப்பட்டனர். அவர்கள் நாடி வந்த பெரும்பொருள் துணியே. ஆதலின், கோட்டையைச் சுற்றித் துணித்தொழிலோர் குடியேறினர். நெய்த துணியை வெளுப்போர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. காலட் என்னும் கவர்னர் காலத்தில் நெசவாளர்க்கென அமைந்த ஊர் அவர் பெயரால் காலடிப்பேட்டை எனப்பட்டது. 1734இல் நூற்போர்க்கும் நெய்வோர்க்கும் உருவான மற்றொரு குடியிருப்பு சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். இன்று அங்கே தறியொலி கேட்பதில்லை. ஆயினும் பெயரில் தறி நின்றுகொண்டேயிருக்கிறது.

வடக்கே சென்றால் இராயபுரம். இராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கும் பெயர். அங்கே படகுத் தொழிலாளர் எழுப்பிய பேதுரு ஆலயம் இன்றும் உள்ளது. தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி 1856இல் புறப்பட்டதும் இராயபுரத்திலிருந்துதான். ஜார்ஜ் டவுனிலோ, ஒரு நாழிகை நடந்தால் பல தேசங்களைக் கடக்கலாம். அர்மீனிய வணிகரின் நினைவாக அரண்மனைக்காரன் தெரு ஒன்று உண்டு. அர்மீனியன் என்ற சொல்லே மக்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆயிற்று! பவளம் விற்ற யூத வணிகரைப் பவளக்காரத் தெரு நினைவூட்டுகிறது. சௌகார்பேட்டையில் குஜராத்தியும் மார்வாரியும் இன்றும் ஒலிக்கின்றன.

பேட்டைகளை வணிகம் மட்டுமா உண்டாக்கியது? வழிபாடும் உண்டாக்கியது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் சென்னையினும் மூத்தவை; சென்னைதான் வளர்ந்து வந்து அவற்றைத் தழுவிக்கொண்டது. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலின் மணியோசை எட்டும் தொலைவில், 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசல் நிற்கிறது. தமிழும் தெலுங்கும் உருதும் அங்கே அண்டை வீட்டாராகப் பழகுகின்றன. பாரதியார் தம் இறுதி நாட்களைக் கழித்ததும் இப்பகுதியிலேதான்.

இத்தன்மை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று அது. அங்கே மினுமினுக்கும் விளக்குகளும் விலையுயர்ந்த கடைகளும் நிறைந்த பகுதி கின்சா. அச்சொல்லின் பொருள் வெள்ளி நாணயச் சாலை என்பதாகும். 1612இல் வெள்ளிக்காசு அடிக்கும் சாலை அங்கே அமைந்தது. சாலை பிற்பாடு வேறிடம் போயிற்று, பெயர் போகவில்லை. நம் சென்னையிலும் தங்கசாலைத் தெரு இருக்கிறதன்றோ? அங்கும் நாணயச் சாலை மூடப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பெயர் மட்டும் மூடப்படவில்லை. கடல் கடந்த இரு நகரங்கள் ஒரே முறையில் தம் பழமையைக் காத்து வைத்திருக்கின்றன.

ஆனால், பெயர் நிலைத்தால் போதுமா? இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். டோக்கியோவில் ஜிம்போச்சோ என்னும் பகுதி பழைய நூல்களுக்குப் பேர் பெற்றது. அருகே கல்லூரிகள் தோன்றின; மாணவர் வந்தனர்; அவர்களை நம்பிப் புத்தகக் கடைகள் வளர்ந்தன. இன்றும் அவை நிலைத்துள்ளன. சென்னையில் அத்தகைய இடமாக விளங்கியது மூர் மார்க்கெட். ஏழை மாணவர் பலர் பழைய விலையில் நூல் வாங்கிப் படித்தது அங்கேதான். 1985இல் அது தீக்கிரையாயிற்று. கடைகள் சிதறின. கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வணிகம் 1996இல் கோயம்பேட்டிற்குப் பெயர்ந்தது. டோக்கியோவின் சுகிஜி மீன் சந்தையும் 2018இல் தொயோசு என்னும் இடத்திற்குப் பெயர்ந்தது. நெரிசல் குறையவும் தூய்மை பெருகவும் இத்தகைய மாற்றங்கள் தேவைப்படலாம். எனினும், ஒரு சந்தை பெயரும்போது கடைகள் மட்டும் பெயர்வதில்லை. மூட்டை சுமப்போர், வண்டி இழுப்போர், தேநீர் விற்போர், சாக்குத் தைப்போர் ஆகிய அனைவர் வாழ்வும் அதனோடு பிணைந்தது.

இதனினும் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கடற்கரையிலும் குடிசைகளில் வாழ்ந்த மக்களை, இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல், நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளுக்கு மாற்றினர். அவர்களுக்குச் சுவரும் கூரையும் கிடைத்தன. ஆயினும் வேலை செய்த வீடுகளும் கடைகளும் பல கல் தொலைவில் நின்றுவிட்டன. பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்றது. பிள்ளைகளின் படிப்பு இடையில் அறுந்தது. பேட்டை என்பது வெறும் கட்டடங்களின் வரிசை அன்று; வேலைக்கும் வீட்டிற்கும் உள்ள தொலைவே அதன் உயிர் என்பதை அம்மக்கள் தம் வாழ்வால் நமக்கு உணர்த்துகின்றனர். அவர்களது புதிய பேட்டையும் நாளடைவில் தனக்கென ஒரு முகத்தை ஆக்கிக்கொண்டு வருகிறது. சுவரோவியங்களைக் காணவே பலர் இன்று அங்குச் செல்கின்றனர்.

மனிதரைப்போலவே நீருக்கும் பேட்டை உண்டு. இன்று பட்டும் பொன்னும் விற்கும் தியாகராய நகர், 1920ஆம் ஆண்டுகளில் நீண்டதோர் ஏரியைத் தூர்த்து எழுந்த நகராகும். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்ற பகுதியும், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற சாலையும் உள்ளன. ஏரி எங்கே என்று தேடினால் காணமுடியாது. ஆனால், 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் மேற்கு மாம்பலத்தின் தெருக்கள் நீரில் மூழ்கின. 2021இலும் தியாகராய நகரில் நீர் தேங்கியது. வடிகாற் குறையும் ஆற்றின் பெருக்கும் காரணங்கள் என்பது மெய்யே. ஆயினும் தாழ்ந்த நிலத்தை நீர் மறப்பதில்லை. மறப்பவர் நாமே. அந்தப் பெயர்களை எச்சரிக்கையாகக் கொண்டிருந்தால் இழப்பு குறைந்திருக்கும்.

எனவே, நண்பர்களே, ஒரு புதிய நகருக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பகுதிக்கு இப்பெயர் ஏன் வந்தது? இங்கு வாழ்பவர் எங்கே வேலை செய்கின்றனர்? இங்குப் பெய்யும் மழைநீர் எங்கே செல்கிறது? முதற்கேள்வி வரலாற்றையும், இரண்டாவது பொருளியலையும், மூன்றாவது நிலநூலையும் உங்களுக்குக் கற்பிக்கும். மூன்றுக்கும் விடை தெரிந்த நகரம் உங்களை அச்சுறுத்தாது.

இப்பயிற்சியைத் தொடங்கச் சென்னைக்கோ டோக்கியோவிற்கோ போகவேண்டுவதில்லை. மிளகும் கடுகும் சீரகமும் மணக்கும் பேளுக்குறிச்சிச் சந்தையே போதும். எந்த வரிசையில் எந்தப் பண்டம், அது எவ்வூரிலிருந்து வந்தது, அதைச் சுமந்து வந்தவர் யார், மாலையில் அவர் எங்கே திரும்புகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சந்தையைப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு நகரத்தைப் படிப்பது அரிதன்று. நாளை நகரங்களை அமைக்கும் பொறுப்பு உங்களுள் பலரிடம் வரும். அன்று, கோடு கிழிக்கும் முன்னர் அந்த இடத்தின் பெயரையும் அங்கு வாழ்வோரின் குரலையும் கேட்டறிவது உங்கள் கடமையாகட்டும்.