பெருநகர வாழ்வு: ஒரு நகரம், பல கருத்துகள்

மாணவர்களே,

"பெருநகர வாழ்வின் நன்மை தீமைகள்" என்பது கட்டுரைப் பகுதியிலும் விவாத மேடையிலும் அடிக்கடி எடுத்தாளப்படும் விடயமாகும். இதனைக் கண்டவுடன் பலர் மனனஞ் செய்து வைத்திருக்கும் வரிகளை எழுதிவிடுவர். நகரத்தில் வசதி உண்டு, நெரிசலும் உண்டு. கிராமத்தில் அமைதி உண்டு, வசதி இல்லை என்பவையே அவ்வரிகள். இவை பிழையல்ல. ஆனால் எல்லோரும் எழுதுவதையே எழுதும்போது சிந்தனை வெளிப்படுவதில்லை.

மேலும், உங்களுக்கு இது வெறும் பரீட்சை வினாவன்று. சாதாரண தரம் முடிந்ததும் உங்களுட் சிலர் தொழிற் பயிற்சிக்கோ வேலைக்கோ கொழும்புக்குப் பயணமாவீர்கள். உயர்தரம் முடிந்ததும் இன்னும் பலர் செல்வீர்கள். போவதா, நிற்பதா என்று வீட்டில் ஆளுக்கொரு கருத்துக் கூறுவர். அப்பா ஒன்று சொல்வார். அம்மம்மா வேறொன்று சொல்வார். இக்கருத்துகள் ஏன் வேறுபடுகின்றன என்பதை மருதனார்மடத்தையும் கொழும்பையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம்.

1. பெருநகரம் என்பது யாது?

மக்கள் நெருங்கி வாழ்வதும், பெரும்பாலோர் விவசாயமல்லாத தொழில்களைச் செய்வதும், நிருவாகம், வணிகம், கல்வி, மருத்துவம் ஆகியன ஓரிடத்திற் குவிந்திருப்பதும் பெருநகரத்தின் பண்புகளாகும்.

கொழும்பு மாநகர சபை 1865 இல் அமைக்கப்பட்டது. அதன் எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் மட்டுமே. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அவ்வெல்லைக்குள் சுமார் 5.6 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அதே ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதிலும் வாழ்ந்தோர் தொகை சுமார் 5.8 இலட்சம். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பளவோ ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். ஒரு மாவட்டத்தின் மக்களை 37 சதுர கிலோமீற்றருக்குள் அடக்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நகரத்தின் கவர்ச்சிக்கும் குறைபாட்டுக்கும் இந்த அடர்த்தியே முதற் காரணமாகும்.

காணி அளக்கும் சொல்லிலும் இவ்வேறுபாடு தெரியும். நாம் காணியைப் "பரப்பு" என்று பேசுகிறோம். கொழும்பில் "பேர்ச்" என்று பேசுவர். ஒரு ஏக்கர் நமக்கு 16 பரப்பு. அங்கு 160 பேர்ச். அதாவது, நமது ஒரு பரப்பு கொழும்பில் 10 பேர்ச் ஆகும். அதற்குள் வீடும் கட்டி வாகனமும் நிறுத்துவார்கள்.

நமது நாட்டிலே மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் உள்ள இடங்களே நகரம் எனக் கணக்கிடப்படுகின்றன. பெருந்தோட்டங்கள் தவிர்ந்த பிரதேச சபைப் பகுதிகள் கிராமமாகவே கொள்ளப்படுகின்றன. எனவே, சந்தையும் கடைகளும் பஸ் வண்டிகளுமாகக் கலகலப்பாக உள்ள மருதனார்மடம், வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்குள் அமைந்திருப்பதால் ஏட்டளவிற் கிராமமே. நகரம், கிராமம் என்ற பிரிப்பு நாம் நினைப்பதுபோல் அத்தனை தெளிவானதன்று என்பதை இதனால் அறியலாம்.

2. பெருநகரம் ஏன் கவர்கிறது?

ஓரிடத்தை நோக்கி மக்களை ஈர்ப்பவை இழுவிசைக் காரணிகள்; ஓரிடத்திலிருந்து மக்களை வெளியேற்றுபவை தள்ளுவிசைக் காரணிகள். கொழும்பின் இழுவிசைக் காரணிகளுட் பிரதானமானவை வருமாறு:

(அ) தொழில்: நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 6 வீதமேயான மேல் மாகாணத்தில், 2012 இல் சனத்தொகையின் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்தே கிடைத்து வந்துள்ளது. துறைமுகம், வங்கித் தலைமையகங்கள், தனியார் நிறுவனங்கள் ஆகியன அங்கேயே குவிந்துள்ளன. ஒரு வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பெருநகரிற்தான் உண்டு.

(ஆ) மருத்துவமும் கல்வியும்: கடும் நோய்க்கு ஆளானவரை "கொழும்புக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிறப்பு வைத்தியரும் அரிய கருவிகளும் பெரும் சனத்தொகை உள்ள இடத்திலேயே முதலில் அமைகின்றன.

(இ) பெயர் தெரியாத சுதந்திரம்: இதனைப் பலர் எழுதத் தவறுவர். ஊரிலே ஒருவர் யாருடைய மகன், எந்தப் பகுதி, என்ன சாதி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்தால் ஒழுங்கையில் நாலு பேர் பார்ப்பர். பெருநகரில் பக்கத்து வீட்டாருக்கே நம்மைத் தெரியாது. ஊரிலே சாதியின் பெயராலோ பெண் என்பதாலோ ஒடுங்கி நின்ற ஒருவருக்கு இது சிறிய நன்மையன்று.

(ஈ) பல்லின வாழ்வு: மூன்று மொழிகளும் நான்கு சமயங்களும் ஒரே வீதியிற் பழகும் வாய்ப்புக் கொழும்பில் உண்டு. வெள்ளவத்தையிலே 1942 இல் தோற்றுவிக்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இயங்குவதையும் நினைவிற் கொள்க. நகரத்துக்குச் சென்றால் தமிழ் போய்விடும் என்று பொதுவாகக் கூறிவிட முடியாது.

3. பெருநகரின் குறைபாடுகள் யாவை?

(அ) இருப்பிடம்: வருமானத்திற் பெரும்பங்கு வீட்டு வாடகைக்கும் முற்பணத்துக்கும் போய்விடுகிறது. வறியோர் ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இவற்றைச் சிங்களத்தில் "வத்த" என்றும் தமிழில் "தோட்டம்" என்றும் அழைப்பர். மருதனார்மடத்திலே தோட்டம் என்றால் செம்மண்ணில் வெங்காயமும் பீற்றூட்டும் விளையும் நிலம். கொழும்பிலே அதே சொல் ஒருவர் வீட்டுச் சுவர் மற்றவர் வீட்டுச் சுவராக இருக்கும் குடியிருப்பைக் குறிக்கிறது.

(ஆ) கழிவும் மாசும்: கொழும்பின் குப்பை நகர எல்லைக்கு வெளியே மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிக்கப்பட்டு வந்தது. 2017 ஏப்பிரல் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அக்குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரம் முழுவதும் பெற்ற வசதிக்கான விலையை அருகில் வாழ்ந்த வறிய குடும்பங்கள் செலுத்தின என்பதே இதிலுள்ள பாடமாகும்.

(இ) பிறரிற் தங்கியிருத்தல்: பெருநகரம் தனக்கு வேண்டிய உணவையோ விறகையோ தானே உண்டாக்குவதில்லை. 2022 இல் எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் கடுந் தட்டுப்பாடு ஏற்பட்டபோது நாடு முழுவதும் மக்கள் துன்புற்றனர். ஊரில் விறகடுப்பு மூட்ட ஒரு கொட்டிலாவது இருந்தது. மாடி வீட்டில் அதற்கும் இடமில்லை.

(ஈ) தனிமை: சாவீடு என்றாற் சொல்லாமலே கூடிவரும் அயல் ஊரில் உண்டு. மாடி வீட்டிலே கதவு சாத்தியபின் யாரும் வருவதில்லை. முதியோரை இது மிகவும் வருத்துகிறது.

4. நன்மையும் தீமையும் ஒரே வேரில்

மேலே கூறியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். மக்கள் நெருங்கி வாழ்வதால் வேலையும் வைத்தியமும் கிடைக்கின்றன; அதே நெருக்கத்தால் வாடகை உயர்கிறது, குப்பை குவிகிறது. அயலார் நம்மை அறியாமையால் சுதந்திரம் கிடைக்கிறது. அதே அறியாமையால் தனிமை வருகிறது. அதாவது, நன்மைகள் ஒரு பக்கமும் தீமைகள் மறு பக்கமும் தனித்தனியே இருப்பதில்லை. ஒரே காரணம் இரண்டு விளைவுகளைத் தருகிறது. எவருக்கு நன்மை மிகுதியாகவும் எவருக்குத் தீமை மிகுதியாகவும் போய்ச் சேர்கிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு பிறக்கிறது.

5. கருத்துக் கூறுபவர் யார்?

ஒரு கருத்தைக் கேட்டதும் அதனைக் கூறுபவரின் வயது, வருமானம், தேவை, அனுபவம் ஆகிய நான்கையும் வினவுதல் வேண்டும்.

கணினித் துறையில் வேலை பெற்ற இளைஞர் கொழும்பைப் புகழ்வார். அதே நகரில் கடையொன்றிற் பொதி தூக்கி, ஆறு பேருடன் ஓர் அறையிற் படுக்கும் இளைஞர் அவ்வாறு கூறமாட்டார். ஒரே வயது, வருமானம் வேறு. நோயுற்ற பிள்ளையுடன் சென்று சுகப்படுத்தித் திரும்பிய தாய்க்குக் கொழும்பு உயிர் காத்த இடம். மகனுடன் சென்று மாடி வீட்டில் அடைபட்ட பாட்டிக்கு அது சிறை.

அனுபவம் என்பதில் வரலாறும் அடங்கும். 1983 ஜூலை வன்செயலில் கொழும்பிலே வீடும் கடையும் உறவும் இழந்து வந்தவர், "பட்டணம் வேண்டாம்" என்றால் அதற்குக் காரணமுண்டு. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. அதே போர்க்காலத்தில், ஊரில் ஷெல் வீச்சுக்கு அஞ்சியும் வெளிநாட்டுப் பயணத்துக்குமாகக் கொழும்பை நாடியவர்களும் ஆயிரமாயிரம். அவர்களுக்குக் கொழும்பு அச்சமும் தந்தது, புகலிடமும் தந்தது.

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது பழமொழி. "இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை" என்பதும் பழமொழிதான். ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி மற்றதை மறைத்து எழுதுதல் முறையன்று.

6. கிராமம் குறையற்றதா?

நகரத்தைக் குறைகூறும் கட்டுரைகள் கிராமத்தைச் சொர்க்கமாக்கி விடுகின்றன. மருதனார்மடத்துக்கு அடுத்துள்ள சுன்னாகத்திலே மின் உற்பத்தி நிலையத்தின் அயலில் உள்ள கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தமை 2010 களிற் பெரும் பிரச்சினையாகியது. குடிப்பதற்குத் தண்ணீர் வண்டிகளை எதிர்பார்க்கும் நிலை கிராமத்தவருக்கு ஏற்பட்டது. 2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அருகே பேலியகொடை மீன் சந்தையிற் கொரோனாத் தொற்றுப் பரவியது. அதே ஆண்டு டிசம்பரில் மருதனார்மடம் சந்தையிலும் ஒரு கொத்தணி உருவாகியது. நோய் நகரத்தையும் கிராமத்தையும் பார்ப்பதில்லை. மக்கள் கூடும் இடத்தையே பார்க்கிறது.

மறுபுறம், பெருநகருக்கு மட்டுமே உரியவை எனப்பட்ட வசதிகளைக் கிராமத்திலும் உண்டாக்கலாம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவார். 1851 இல் கொழும்பிற் பிறந்து, அங்கேயே சட்டத்துறையிற் புகழ்பெற்று, 1911 இல் சட்டநிரூபண சபையின் படித்த இலங்கையர் ஆசனத்துக்குத் தெரிவானவர் அவர். பெண்களுக்கெனத் தாம் அமைத்த கல்லூரியை 1913 இல் மருதனார்மடத்திலே தொடங்கினார். நகரிலே தேடிய பொருளும் செல்வாக்கும் கிராமத்துப் பெண்களின் கல்வியாக மாறின. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை, நடனக் கற்கைகள் அவ்வூரிலே நடைபெறுகின்றன. அவற்றைக் கற்கப் பிற மாவட்ட மாணவரும் மருதனார்மடத்துக்கு வருகின்றனர்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமவுக்கே செல்ல வேண்டும் என்றிருந்த நிலையும், தெல்லிப்பழையிற் சிகிச்சை நிலையம் ஏற்பட்ட பின்னர் ஓரளவு மாறியது. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. வீதியும் புகையிரதமும் ஊரை வெறுமையாக்கவும் கூடும். ஊரிலிருந்தே நகரத்தின் பயனைப் பெறவும் உதவக் கூடும். ஊரில் என்ன வாய்ப்பை உண்டாக்குகிறோம் என்பதைப் பொறுத்தே எது நிகழும் என்பது அமையும்.

7. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

• "நகரத்தில் வசதிகள் உண்டு. ஆனால் மாசும் உண்டு" என்பது வலுவற்ற வாக்கியம். "மக்கள் நெருங்கி வாழ்வதால் சிறப்பு வைத்தியசாலைகள் நகரில் அமைகின்றன, அதே நெருக்கத்தால் உண்டாகும் கழிவு, மீதொட்டமுல்லையிற் போல, வறியோரின் வீட்டு வாசலிற் குவிகிறது" என்பது காரணமும் சான்றும் கொண்ட வாக்கியம்.
• "எல்லோரும் விரும்புவர்", "எவரும் விரும்பார்" என எழுதாதீர்கள். யார், எந்நிலையில், எதற்காக என்று குறிப்பிடுங்கள்.
• மாற்றுக் கருத்தை அதன் வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே உங்கள் முடிவைக் கூறுங்கள்.
• முடிவுரையில் "இரண்டும் நல்லவையே" என நழுவ வேண்டாம். உங்கள் நிலைப்பாட்டையும், எந்த நிபந்தனை மாறினால் அது மாறும் என்பதையும் எழுதுங்கள்.

நாளை உங்கள் வீட்டிலேயே போவதா நிற்பதா என்ற பேச்சு எழும்போதும் இம்முறை உதவும். கொழும்பு நல்லதா கெட்டதா என்று வாதிடுவதை விடுத்து, அங்கு எனக்கு என்ன கிடைக்கும், அதற்கு எதனைக் கொடுக்க வேண்டும், அவ்விலையை என்னுடன் சேர்ந்து வேறு யார் செலுத்துவர் என்று கேளுங்கள். போகிறவர்க்கும் நிற்கிறவர்க்கும் பொருந்தும் வினாக்கள் இவையே.

பயிற்சி

1. இழுவிசைக் காரணி, தள்ளுவிசைக் காரணி ஆகியவற்றை உங்கள் ஊரிலிருந்து ஒவ்வோர் உதாரணம் தந்து விளக்குக.
2. "பெருநகரின் நன்மையும் தீமையும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன." இக்கூற்றை இரு சான்றுகளுடன் ஆராய்க.
3. கொழும்பில் வாழ்ந்து திரும்பிய இருவரிடம் அவர்களது கருத்தைக் கேட்டறிக. அவை வேறுபடுமாயின் வயது, வருமானம், தேவை, அனுபவம் ஆகியவற்றுள் எது அதற்குக் காரணம் எனக் குறிப்பிடுக.
4. "இளைஞர் ஊரிலேயே தங்க வேண்டுமாயின்..." எனத் தொடங்கி 200 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக.