நின்ற இடத்தில் உழைக்கும் நுண்ணுயிர்கள்

காவிரி வளம் சுரக்கும் தஞ்சைத் தரணியின் கீழ்க்கரையில், நாகப்பட்டினத்திற்குத் தெற்கே அமைந்த கடற்கரையூர் வேளாங்கண்ணி. அதற்கு மேற்கே நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. கிழக்கே வங்கக் கடல் அலை வீசுகின்றது. இப்பகுதி வயல்களில் நீர் பாயும் முறையை உற்று நோக்குவோர் ஓர் உண்மையைக் காண்பர். வாய்க்காலிலிருந்து மடை வழியே புகும் நீர், ஒரு வயலை நிறைத்து, அடுத்த வயலுக்கு வழிந்து, முடிவில் வடிகாலை அடைகின்றது. நீர் ஓடுகின்றது, நெற்பயிரோ வேரூன்றிய இடத்திலேயே நின்று, ஓடும் நீரினின்று தனக்கு வேண்டியதைப் பெறுகின்றது.

இவ்வாறே, நுண்ணுயிர்களை ஓரிடத்தில் நிறுத்தி, அவற்றினூடே மூலப்பொருளை ஓடவிட்டு, மருந்தும் பிறவும் ஆக்கும் முறை ஒன்று உண்டு. அதனை ‘நிலைநிறுத்தல்’ என்பர். அதற்கு உதவும் பொருள்களுள் சில கடற்பாசியினின்றே கிடைக்கின்றன.

மாவு புளிப்பதும் பால் தயிராவதும் நுண்ணுயிர்களின் செயலே என்பதை யாவரும் அறிவர். கண்ணுக்குப் புலனாகாத இவ்வுயிர்கள் தம் உடலில் நொதிகள் என்னும் பொருள்களை ஆக்குகின்றன. நொதி, ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றும் வேலையை விரைவுபடுத்துகின்றது. ஆயினும் அவ்வேலையில் தான் செலவழிந்து போவதில்லை. கொடிய வெப்பமும் கடுமையான அமிலமும் கொண்டு செய்யவேண்டிய பல மாற்றங்களை, நொதி வெதுவெதுப்பான நீரிலேயே செய்து முடிக்கின்றது.

இத்தகைய உழைப்பாளியைத் தொழிற்சாலையில் பயன்படுத்துவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பெரிய கலத்தில் மூலப்பொருளையும் நுண்ணுயிர்களையும் ஒன்றாகக் கலந்தால், வேலை முடிந்தபின் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே, இன்னும் உழைக்கும் ஆற்றலுள்ள நுண்ணுயிர்களே கழிவுடன் வெளியேற்றப்பட்டன. அடுத்த முறைக்குப் புதிய நுண்ணுயிர்களை வளர்க்கவேண்டியிருந்தது. ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் உழவனையே மாற்றுவது போன்றது இது. பொருளும் காலமும் வீணாயின. விளைபொருளின் விலையும் உயர்ந்தது.

நுண்ணுயிர்களை ஓரிடத்தில் தங்கச் செய்யும் எண்ணம் முற்றிலும் புதியதன்று. 1823ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் விரைவாகக் காடி செய்யும் முறை ஒன்று தோன்றியது. கலத்தில் மரச்சீவல்களை நிரப்பி, மேலிருந்து சாராயக் கலவையைச் சொட்டவிட்டனர். சீவல்களில் ஒட்டி வாழ்ந்த நுண்ணுயிர்கள், வழிந்தோடிய சாராயத்தைக் காடியாக மாற்றின. ஆனால், அங்கு அவை தாமாகவே ஒட்டிக்கொண்டன. மனிதன் திட்டமிட்டு அவற்றிற்கு உறைவிடம் அமைத்தது இருபதாம் நூற்றாண்டிலேயே ஆகும்.

ஜப்பான் நாட்டில் தனாபே என்னும் மருந்துத் தொழில் நிறுவனத்தில் இச்சிரோ சிபாத்தா என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் இத்துறையில் உழைத்தனர். 1969ஆம் ஆண்டில், நுண்ணுயிரினின்று பிரித்தெடுத்த நொதியைத் திண்மப் பொருளொன்றில் பிணைத்து, அமினோ அமிலங்களைத் தொழிற்சாலை அளவில் ஆக்கினர். பின்னர் அவர்கள் மேலும் ஒருபடி சென்றனர். நொதியைப் பிரித்தெடுப்பதற்குச் செலவு மிகுதி; நொதியை உடைய உயிரணுவையே முழுதாக நிறுத்திவிட்டால் அச்செலவு குறையுமன்றோ? 1973ஆம் ஆண்டில் எஷரிச்சியா கோலை என்னும் நுண்ணுயிரின் அணுக்களைப் பாலிஅக்ரிலமைடு என்னும் களியினுள் சிறைப்படுத்தி, அஸ்பார்ட்டிக் அமிலத்தை ஆக்கத் தொடங்கினர்.

பாலிஅக்ரிலமைடு ஒரு பலபடி ஆகும். சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானால் அதனைப் பலபடி என்பர். இச்சங்கிலிகள் நீரில் ஒன்றோடொன்று பிணையும்போது வலைபோன்ற களி உண்டாகின்றது. வலையின் கண்கள் மிகச் சிறியவை. மூலப்பொருளின் மூலக்கூறு அவற்றின் வழியே உள்ளே செல்லும். ஆக்கப்பட்ட பொருள் வெளியே வரும். உயிரணுவோ அவற்றைவிடப் பெரிதாகையால் வெளியேற இயலாது. இக்களித் துண்டுகளை உயர்ந்த குழாயில் நிரப்பி, ஒரு முனையில் மூலப்பொருட் கரைசலைச் செலுத்தினால், மறுமுனையில் விளைபொருள் இடைவிடாது வந்துகொண்டிருக்கும்.

எனினும், பாலிஅக்ரிலமைடைச் செய்யப் பயன்படும் அக்ரிலமைடு நச்சுத்தன்மை உடையது. களி உருவாகும்போதே சில உயிரணுக்களும் நொதிகளும் கேடுறுகின்றன. எனவே மென்மையான உறைவிடம் தேடிய அறிஞர்களுக்குக் கடல் கைகொடுத்தது. சிவப்புப் பாசிகள் சிலவற்றினின்று கிடைக்கும் காராஜீனன் என்னும் இயற்கைப் பலபடியை 1978ஆம் ஆண்டில் அவர்கள் மேற்கொண்டனர். பழைய களியில் நொதியின் ஆற்றல் பாதியாகக் குறைய 120 நாட்கள் ஆயின. காராஜீனன் களியை வேறு சில பொருள்களால் உறுதிப்படுத்தியபோதோ, அதற்கு ஏறத்தாழ 680 நாட்கள் ஆயின.

பழுப்புப் பாசிகளினின்று கிடைக்கும் ஆல்ஜினேட்டு மற்றொரு பலபடி. அதனைக் கையாளும் முறை மிக எளிது. சோடியம் ஆல்ஜினேட்டுக் கரைசலில் உயிரணுக்களைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் துளித்துளியாக விடுவர். கரண்டியின் துளை வழியே எண்ணெயில் விழும் கடலைமாவு பூந்தியாவது போல, ஒவ்வொரு துளியும் உருண்டு மணியாகின்றது. ஆயின், இங்குச் சூடு வேண்டுவதில்லை. கால்சியம் பலபடிச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைத்துக் களியாக்குகின்றது; உயிரணுக்கள் உள்ளே உயிருடன் தங்குகின்றன.

இதனால் மக்கள் பெறும் நன்மை யாது? பெனிசிலின் மருந்தை எடுத்துக்கொள்ளலாம். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் முதலிய மருந்துகளைச் செய்வதற்கு, பெனிசிலினைப் பிளந்து 6-அமினோ பெனிசிலானிக் அமிலத்தைப் பெறவேண்டும். இரசாயன முறையில் இதனைச் செய்ய, உறைநிலைக்கு 40 பாகை கீழான குளிரும் தீங்கு பயக்கும் கரைப்பான்களும் தேவைப்பட்டன. நிலைநிறுத்தப்பட்ட நொதியோ, அந்நொதியை உடைய உயிரணுவோ, இவ்வேலையை நீரிலேயே, நம் உடல் வெப்பத்தை ஒட்டிய வெப்பத்தில் செய்துவிடுகின்றது. குழந்தையின் காய்ச்சலைத் தணிக்கும் மருந்து ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கவும், ஆலைக் கழிவால் ஆறு நஞ்சாகாமல் இருக்கவும் இம்முறை துணைபுரிகின்றது. இந்தியாவிலும், புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் அறிஞர்கள் 1980களில் இத்துறையில் ஆராய்ந்தனர். ஈஸ்ட்டு அணுக்களை ஜெலட்டினில் நிறுத்தி, தொடர்ச்சியாக எரிசாராயம் ஆக்கிக் காட்டினர்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. களியின் நடுவிலுள்ள அணுக்களை உணவும் உயிர்வளியும் மெதுவாகவே சென்றடைகின்றன. உள்ளே பெருகும் வாயு சில வேளைகளில் மணிகளைப் பிளந்துவிடும். பாஸ்பேட்டு உப்பு மிகுந்த நீரில் ஆல்ஜினேட்டு மணிகள் குழைந்துபோகும். ஆகவே, செய்யும் தொழிலுக்கு ஏற்ற பலபடியைத் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாதது.

வேளாங்கண்ணியிலிருந்து கரைவழியே தெற்கு நோக்கிச் சென்றால் வேதாரணியமும் கோடியக்கரையும் வரும். அங்குக் கரை மேற்கே திரும்பிப் பாக்கு விரிகுடாவைத் தழுவுகின்றது. காராஜீனனைத் தரும் கப்பாபைக்கஸ் என்னும் சிவப்புப் பாசியை இவ்விரிகுடாவில் பயிரிடுகின்றனர். பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய இப்பாசி 1980களில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இதனை வளர்த்துச் சோதித்தது. இன்று இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், தூத்துக்குடி மாவட்டக் கரைகளில் மீனவ மகளிர் பலர் இதனைப் பயிரிடுகின்றனர். மூங்கில் மிதவையில் கட்டிய கயிறுகளில் பாசித் துண்டுகளைப் பிணைத்துக் கடலில் மிதக்கவிடுவர். ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடை செய்வர். இதினின்று பெறும் காராஜீனனில் பெரும்பகுதி உணவுப் பொருள்களுக்கும் பற்பசைக்கும் செல்கின்றது. அப்பலபடியே நுண்ணுயிர்க்கும் வீடாகின்றது.

அயல்நாட்டுப் பாசியாகையால் விழிப்பும் வேண்டும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே இது பவளப் பாறைகளின்மேல் படர்ந்ததை ஆராய்ச்சியாளர் 2008ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். பவளம் அழிந்தால் மீன்வளம் குன்றும். மீன்வளம் குன்றினால் பாசி வளர்க்கும் அதே மகளிரின் இல்லங்கள் வாடும்.

நுண்ணுயிரைக் களியினுள் நிறுத்திவைக்க மனிதன் கற்றுக்கொண்டான். அக்களியைத் தரும் பாசியையும் அதற்குரிய எல்லைக்குள் நிறுத்திவைக்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும். அப்பொழுதே இத்தொழில்நுட்பத்தின் பயன் நோயாளியையும், கடலை நம்பி வாழும் குடும்பத்தையும் ஒருங்கே சென்றடையும்.