கணக்காளர் கேட்கத் தயங்கும் கேள்வி

இணையவழித் தாக்குதல் என்றதும் பெரிய வங்கிகளும் அரசுத் துறைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பதினைந்து பேர் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனத்தில் திருட என்ன இருக்கிறது என்று அதன் உரிமையாளரே கேட்கிறார். சிறு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் என்னிடம் இக்கேள்வி பலமுறை வந்திருக்கிறது. அடுத்த வாரம் செலுத்த வேண்டிய ஒரு பில் தொகையே திருடனுக்குப் போதும் என்பது என் பதில்.

நிறுவனத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல் ஏதோ ஒரு போலி இணையப் பக்கத்தின் வழியே வெளியாரின் கைக்குப் போகிறது. அவர் உடனே எதையும் செய்வதில்லை. வரும் அஞ்சல்களின் நகல் தமக்கும் கிடைக்குமாறு அமைத்துவிட்டு, வாரக்கணக்கில் படித்தபடி காத்திருக்கிறார். யாரிடம் நூல் வாங்கப்படுகிறது, எந்தத் தேதியில் பணம் போகிறது, இரு தரப்பினரும் எப்படி விளித்து எழுதுகின்றனர் என்பதெல்லாம் அவருக்குப் பழகிவிடுகின்றன. பணம் செலுத்தும் நாளுக்குச் சற்று முன், நூல் ஆலை அனுப்பியதுபோல் ஓர் அஞ்சல் வருகிறது: ‘எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் உள்ளது, இம்முறை கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்.’ முகவரியில் ஆங்கில ‘எம்’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரு சிறிய எழுத்துகள் ஒட்டி நிற்கும். மாலை ஆறு மணிக்கு முப்பதாவது பில்லைப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. அஞ்சலில் வைரஸ் எதுவும் இல்லாததால் தடுப்பு மென்பொருளும் மௌனமாகவே இருக்கும்.

இதன் இன்னொரு வடிவம், முதலாளியின் படத்தை முகப்பில் வைத்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து வருகிறது. ‘கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம், உடனே இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்.’ நம் அலுவலகங்களின் பெரிய பலவீனம் இங்குதான் வெளிப்படுகிறது. முதலாளியின் சொல்லைத் திருப்பிக் கேட்பது பல இடங்களில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. கணக்காளருக்குச் சந்தேகம் எழாமல் இல்லை, கேட்கத்தான் துணிவில்லை. பணம் போனபின் பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டவர்களை நான் அறிவேன். இப்படித் தண்டிக்கப்படுவதைப் பார்த்த ஊழியர் அடுத்த முறை விஷயத்தை மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

வங்கிக் கணக்கு மாறியதாக எந்தச் செய்தி வந்தாலும், அதில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில் அழைத்து, தெரிந்த குரலிடம் கேட்க வேண்டும். இதைச் செய்தவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்று முதலாளியே எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். ஒருவர் பதிவு செய்து மற்றொருவர் ஒப்புதல் அளிக்கும் முறையை வங்கியிடம் கேட்டுப் பெறலாம். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு அவசியம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களில் பணம் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தருமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்திருந்தது. அவசரத்தில் அதைப் பார்க்காமல் கடந்துவிடுகிறோம். ஏமாந்தது தெரிந்தால் உடனடியாக 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் எடுக்கப்படுவதற்கு முன் அதை வங்கிகளில் முடக்கிவைக்க முயல்வதே அந்த உதவி எண்ணின் வேலை.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல் வேறு வகை. கே.என்.பி. என்ற பிரிட்டன் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் 158 ஆண்டுகள் பழமையானது. சிறு நிறுவனமும் அல்ல. 2023-இல் அத்தகைய தாக்குதலுக்கு உள்ளாகி அது மூடப்பட்டது. சுமார் 700 பேர் வேலை இழந்தனர். ஓர் ஊழியரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்தே உள்ளே நுழைந்ததாகக் கருதப்படுகிறது. அதை அந்த ஊழியரிடம் தாம் சொல்லவில்லை என்று அதன் இயக்குநர் பின்னர் பிபிசியிடம் கூறினார். அவர் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது.

நம் சிறு நிறுவனங்களில் டேலி கணக்குகள் முழுவதும் ஒரே கணினியில் இருக்கின்றன. நகல் எடுக்கும் ஹார்டு டிஸ்க்கும் அதிலேயே செருகப்பட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். நகல் எடுத்ததும் கழற்றி வேறிடத்தில் வைக்கச் சொல்கிறேன். ஆண்டுக்கு இருமுறை அதிலிருந்து ஒரு மாதக் கணக்கை மீட்டுப் பார்க்கவும் சொல்கிறேன். முதல் முறை பலருக்கு அது திறப்பதில்லை.