கலாநிதிப் பட்டம் இல்லாவிட்டால் என்ன?

பிள்ளை பௌதிகவியலில் பட்டம் பெற்று வந்ததும் வாப்பாவும் உம்மாவும் கேட்பது, "கலாநிதிப் பட்டம் வரை போகாமல் இதற்கு என்ன தொழில் கிடைக்கும்?" என்பதுதான். விடை தேடித் தூரம் போக வேண்டாம். பண்டாரவளையிலேயே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதானிப்பு நிலையம் உண்டு. பௌதிகவியலோ கணிதமோ கற்ற பட்டதாரிகள் அத்திணைக்களத்தில் வளிமண்டலவியலாளராகலாம்.

இது சிறு வேலையா? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரம்பு. அந்த மில்லிமீற்றரைப் பிழையின்றி அளப்பதில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன. அதற்குக் கலாநிதிப் பட்டம் தேவையில்லை.

இன்னொரு வழி வைத்தியசாலை. பேராதனையில் மருத்துவ பௌதிகவியல் முதுமாணிப் படிப்பு உண்டு. புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையில் அளவைக் கணிப்பவர் மருத்துவ பௌதிகவியலாளரே.

மூன்றாவது, நமக்கு மிக அவசரமானது: ஆசிரியத் தொழில். தோட்டப்புறத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறை. ஆசிரியர் இல்லாததால் எத்தனையோ பிள்ளைகள் உயர்தரத்தில் விருப்பமின்றியே கலைப் பிரிவுக்குப் போகிறார்கள். ஊருக்குத் திரும்பும் ஒரு பட்டதாரி அவர்களின் பாதையையே மாற்றலாம்.

ஆகவே பெற்றோரே, பட்டத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். படிக்கும்போதே கணினியும் புள்ளிவிபரவியலும் சேர்த்துக் கற்கச் சொல்லுங்கள். வெள்ளிதோறும் வரும் வர்த்தமானியைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.