கலைக்களஞ்சியமும் திருத்தும் வேட்கையும்

கலைக்களஞ்சியம் என்பது துறைதோறும் வல்ல அறிஞர் எழுத, பதிப்பாசிரியர் ஒழுங்குசெய்ய, ஆண்டுகள் பல கழிந்து அச்சேறுவது என்பதே பண்டை வழக்கு. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைக் கொண்டு தொகுத்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் வெளிவர 1954 முதல் 1968 வரை ஆயிற்று. அத்தகைய நூலில் பிழை கண்டவர் மறுபதிப்பை எதிர்நோக்கியிருத்தல் வேண்டும்.

2001 சனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தோன்றிய விக்கிப்பீடியா இவ்வழக்கை மாற்றிற்று. ‘விக்கி’ என்பது விரைவைக் குறிக்கும் அவாயித் தீவுச் சொல். காப்பிட்ட சில பக்கங்கள் நீங்கலாக, எதனையும் படிப்பவரே திருத்தலாம்; திருத்தம் அப்பொழுதே உலகோர் கண்முன் நிற்கும். தமிழ்ப் பதிப்பு 2003இல் தொடங்கிற்று; 2017இல் அதன் கட்டுரைகள் ஓரிலக்கத்தைக் கடந்தன.

இப்பணியிற் புகுந்தோர் சிலர் அதனை விட இயலாதவராகின்றனர். காரணம் யாது? முதலாவது, தொடக்கம் மிக எளிது. விடுபட்ட ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்தாலே போதும், பயன் உடனே தெரியும். இரண்டாவது, வேலைக்கு முடிவில்லை. இன்னும் எழுதப்படாத கட்டுரையின் தலைப்பு சிவப்பு நிறத்தில் நின்று எழுதுவாரை அழைக்கும். மூன்றாவது, தாம் தொட்ட பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் வைத்தவர், பிறர் அவற்றில் கைவைத்தனரோ என மீண்டும் மீண்டும் நோக்குவர். ஒவ்வொருவர் செய்த திருத்தங்களும் எண்ணப்படுவதால், எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசையும் உடன் சேர்கிறது.

இவ்வேட்கை பூசலாகவும் மாறும். ஒருவர் எழுதியதை மற்றவர் நீக்க, அவர் மீண்டும் சேர்க்க, கட்டுரை அலைக்கழியும். இதனைத் தடுக்கவே, ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மும்முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மாற்றலாகாது என ஆங்கில விக்கிப்பீடியா விதி வகுத்துள்ளது. சிறிது காலம் விடுப்பு என்று தம் பக்கத்தில் அறிவித்து ஒதுங்குவோரும் உளர்.

பழைய வடிவங்கள் யாவும் வரலாற்றுப் பக்கத்தில் காக்கப்படுவதால், எப்பிழையையும் பின்னர் நீக்கிவிடலாமே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும், மாணவன் ஒருவன் இரவில் படித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிழை, காலையில் திரையில் திருத்தப்படுவதால் அவன் ஏட்டில் திருந்திவிடுமோ? ஆதலின், சேமிக்கும் பொத்தானை அழுத்துமுன் ‘இதற்குச் சான்று யாது?’ என வினவுதல் கடன். எண்ணிக்கை கருதிச் செய்த நூறு திருத்தங்களினும், சான்றுடன் சேர்த்த ஒரு வரியே படிப்பவனுக்குப் பயன் தரும். தமிழாசிரியர் கற்ற இலக்கணமும் நூலறிவும் இங்கே பெரிதும் வேண்டப்படுகின்றன.